மாவு மில்லுக்கு மேலே ஒரு வீடு

இளவேனிலுக்குக் கோயமுத்தூரில் வேலை கிடைத்த செய்தி வந்தபோது, அவளுடைய அப்பா கருப்புசாமி மஞ்சள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஈரோடு மார்க்கெட் வாசலில் வண்டியோடு வரிசையில் நின்றிருந்தார். போனில் விஷயத்தைக் கேட்டதும் வண்டியை விட்டு இறங்கினார். முன்னால் நின்ற டிரைவரிடமும் பின்னால் நின்ற டிரைவரிடமும் சொல்லி முடித்த பிறகுதான் மறுபடியும் மகளிடம் பேச வந்தார்.

"அது சரி கண்ணு, கோயமுத்தூருல எங்க தங்குவே?"

அதைப் பற்றி இளவேனில் அதுவரை யோசித்திருக்கவில்லை.

கொடுமுடிக்குப் பக்கத்தில் வாய்க்காலை ஒட்டிய சின்ன ஊர் அவர்களுடையது. ஊருக்குத் தள்ளி, மேட்டில் இருந்த காலனியில் அவர்கள் வீடு. கருப்புசாமி கல்யாணமான புதிதில் தோட்டத்து வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். பிறகு டிரைவிங் பழகி, இன்னொருவரின் சரக்கு வண்டியை ஓட்டி, கடைசியில் தவணையில் சொந்த வண்டி வாங்கினார். அம்மா மாசாணியம்மாள் இன்றும் களை எடுக்கவும் மஞ்சள் வெட்டவும் போகிறவள். ஒரே மகள் சேலத்தில் ஆப்டோமெட்ரி படித்தாள். கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி பவர் சொல்கிற படிப்பு. "டாக்டரா?" என்று யாராவது கேட்டால், "டாக்டருக்குப் பக்கத்து ரூமு" என்பார் கருப்புசாமி.

வேலை, கோவையில் அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு கண் ஆஸ்பத்திரியில். முதல் ஒரு வருஷம் பயிற்சிக் காலம். அதற்கேற்ற சம்பளம். ரயிலிலேயே போய் வந்துவிடலாம் என்று வீட்டில் முடிவானது. விடிவதற்கு முன் கொடுமுடியில் ஏறி, ஈரோட்டில் மாறி, கோவைக்குப் போக வேண்டும். சாயங்காலம் அதே மாதிரி திரும்ப வேண்டும். நான்கு நாள் ஒழுங்காகப் போய் வந்தாள். ஐந்தாம் நாள் திரும்பும்போது ஈரோடு வந்ததே தெரியாமல் தூங்கிவிட்டாள். கண் விழித்துப் பார்த்தால் சேலம் ஜங்ஷன். நாலு வருஷம் படித்த ஊர் அவளைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்ததாம். கருப்புசாமி வண்டியை எடுத்துக்கொண்டு போய் மகளை அழைத்து வந்தார். வழியெல்லாம் இருவரும் சிரித்துக்கொண்டேதான் வந்தார்கள். ஆனால் வீடு வந்து சேர்ந்ததும், "இது ஆவற காரியமில்லை" என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் அவள் காந்திபுரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போனாள். ஒரு அறையில் நான்கு கட்டில். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் முகத்தில் இடிக்கும். சம்பளத்தில் பாதி அங்கே போய்விடும். மீதிப் பாதியில் பஸ், சாப்பாடு, செல்போன், வீட்டுக்கு அனுப்புவது எல்லாம். கல்லூரியில் படிக்கும்போது வேலைக்குப் போய்விட்டால் காசுக்குக் கஷ்டமில்லை என்று நினைத்திருந்தாள். கோயமுத்தூரில் ஒரு கட்டில் போட இவ்வளவு விலை என்று அப்போது யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவையாவது வெளியூர்களில் கண் பரிசோதனை முகாம் நடக்கும். வேன் விடியற்காலையில் கிளம்பும். ஹாஸ்டல் கேட்டோ விடிந்த பிறகுதான் திறக்கும். முகாமுக்குப் போகாதவர்களைப் பயிற்சி முடிந்து வேலையில் வைத்துக்கொள்வது சந்தேகம் என்று மேலாளர் சாய்குமார் முதல் வாரமே சொல்லியிருந்தார். ஹாஸ்டல் வார்டனிடம் கேட்டுப் பார்த்தாள். "ஒருத்திக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கோணும்" என்று பதில் வந்தது. முகாமுக்கு முந்தின இரவுகளில் ஆஸ்பத்திரி ஓய்வறை நாற்காலிகளில் படுத்துத் தூங்கி எழுந்து போனாள்.

அதே ஹாஸ்டலில், பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் யுஸ்ரா. உடுமலைப்பேட்டைக்காரி. அதே ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கடையில் வேலை. யார் முகத்துக்கு எந்த ஃபிரேம் பொருந்தும் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். வாயாடி. நாற்காலியில் தூங்கிக் கழுத்துப் பிடித்துக்கொண்டு வந்த இளவேனிலுக்குத் தைலம் தேய்த்துவிட்டபடி ஒரு நாள் அவள்தான் சொன்னாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஊடு பாத்துக்கலாம் புள்ள. இங்க கட்டற காசுல ஒரு சமையல்கட்டாவது கெடைக்கும்."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வீடு தேடுவதில் போயின.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கார அம்மா இருவரையும் உட்காரவைத்து மோர் கொடுத்தார். வீட்டைச் சுற்றிக் காட்டினார். மாடியில் துணி காயப்போடும் இடம்வரை காட்டி முடித்துவிட்டு, "பேரு சொல்லவே இல்லீங்களே?" என்றார். யுஸ்ரா சொன்னாள். அந்த அம்மாவுக்கு உடனே ஒரு விஷயம் நினைவுக்கு வந்துவிட்டது. அந்த வீட்டை அவருடைய தங்கை மகன் கேட்டிருந்தானாம்.

கோவை ராமநாதபுரத்தில் ஒரு வீட்டுக்காரர் வேறு வழியில் வந்தார். யுஸ்ரா அன்று வரவில்லை. அவர் இளவேனிலிடம் ஊர் எது என்று கேட்டார், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார், பூமி எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் மெதுவாக, "குலதெய்வம் எந்தக் கோயிலுங்க?" என்றார். அதற்கும் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "போன் பண்றேனுங்க" என்றார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். போன் வரவில்லை.

யாரும் எதையும் கேட்காத வீடுகளும் இருந்தன. லிஃப்ட், காவலாளி, நீச்சல்குளம் எல்லாம் உள்ள அடுக்குமாடிகள். அங்கே வாடகை கொடுத்தால் இரண்டு பேரும் காற்றைத்தான் குடித்து வாழ வேண்டும்.

"பாத்தியா," என்றாள் யுஸ்ரா, சுங்கம் பஸ் ஸ்டாப்பில் சுண்டல் தின்றுகொண்டே. "என்கிட்ட ஒண்ணுமே கேக்க மாட்டாங்க. பேரச் சொன்னா முடிஞ்சுது. உன்கிட்டதான் பத்துக் கேள்வி கேட்டுப்போட்டு வேண்டாங்கறாங்க. உனக்காவது கொஞ்சம் மரியாதை."

இளவேனிலுக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அழுகையும் வந்தது. யுஸ்ரா அதைக் கவனிக்காத மாதிரி மீதிச் சுண்டலைத் தின்றாள்.

கிடைத்த வீட்டை அவர்கள் தேடிப் போகவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் யுஸ்ரா உடுமலைக்குப் புறப்பட்டாள். ரயில் போத்தனூரிலிருந்து. வழியனுப்ப இளவேனிலும் கூடப் போனாள். ரயிலுக்கு நேரம் இருந்ததால் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த தெருக்களில் நடந்தார்கள். ஒரு மாவு மில்லின் ஷட்டரில் சாக்பீஸால் ‘மேல் வீடு வாடகைக்கு’ என்று எழுதியிருந்தது. எழுதி ரொம்ப நாளாகியிருக்க வேண்டும். பாதி எழுத்து அழிந்துபோயிருந்தது.

உள்ளே ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ராகி அரைத்துக்கொண்டிருந்தார். புருவம்கூட மாவு படிந்து வெளுத்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தாமலேயே, "கோதுமையா, அரிசியா?" என்று கத்தினார். வீடு என்றதும் நிறுத்தினார். அவர் பெயர் பழனாத்தாள். மில் அவருடையது. மேலே இருந்த இரண்டு அறை வீடும் அவருடையது.

"மோட்டாருக்கு நேர் மேலதான் ரூமு," என்றார். "விடியறப்பவே மில்லு ஓட ஆரம்பிச்சுரும். கட்டில் ஆடும். மொளகா அரைச்சா தும்மல் வரும். முந்தி இருந்த பையனுக ரெண்டு மாசத்துல ஓடிப்போட்டாங்க. அதுனாலதான் வாடகை கம்மி. உங்களுக்கு ஆகுமுங்களா?"

விடியற்காலையில் வேனைப் பிடிக்க வேண்டியவளுக்கு இதைவிட நல்ல அலாரம் எங்கே கிடைக்கும்? இளவேனில் ஆகும் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பழனாத்தாள், "ஊரு எங்கீங்க?" என்றார்.

"கொடுமுடிப் பக்கமுங்க."

"அட! எங்கம்மா ஊடு சிவகிரிதானுங்க."

தூரத்து ஊர்க்காரர்களுக்குச் சொன்னாலும் புரியாத விஷயங்கள் பக்கத்து ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே புரிந்துவிடும். இன்னொரு தடவை மோர் குடித்து, இன்னொரு தடவை போனுக்குக் காத்திருக்க இளவேனிலால் முடியாது. கேட்பதற்கு முன் தானே சொல்லிவிட்டாள்.

"ஏனுங்க, ஒண்ணு முன்னாடியே சொல்லிப்போடறேன். பொறவு தெரிஞ்சு வேண்டாங்கறதுக்கு இப்பவே வேண்டாம்னு சொல்லிருங்க. நாங்க காலனிங்க. எங்கப்பா அம்மா தோட்டத்து வேலைக்குப் போனவங்க."

யுஸ்ராவும் ஒரு அடி முன்னால் வந்தாள். "நான் முஸ்லிமுங்க. பேரு யுஸ்ரா. ஒரே வேலையாப் போவட்டும்."

பழனாத்தாள் துண்டை அவிழ்த்து உதறினார். தெருப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். மறுபடியும் துண்டைக் கட்டிக்கொண்டார்.

"ரெண்டு பேருமே காலையில வேலைக்குப் போறவங்கதானுங்களே?"

"ஆமாங்க."

"அப்பத் தண்ணி மோட்டார் போடற வேலையை ஒருத்தர் ஏத்துக்கோணும். நான் மில்லுல நின்னுட்டிருப்பேன். டேங்க் நிரம்பி ஒழுகுனா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

அதுதான் சம்மதம் என்று புரிய இருவருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. யுஸ்ரா அன்றைக்கு ரயிலைத் தவறவிட்டாள்.

ரொம்ப நாள் கழித்து, நன்றாகப் பழகிய பிறகு, அந்தச் சில நிமிஷங்களில் என்ன நினைத்தீர்கள் என்று இளவேனில் அவரிடம் கேட்டிருக்கிறாள். "யோசிச்சேன்," என்றாராம் பழனாத்தாள். "யோசிக்கலைன்னு சொன்னாப் பொய்யி. யோசிச்சு முடிச்சுப்போட்டேன்."

குடிபோன முதல் வாரம் தூக்கமே இல்லை. கீழே மோட்டார் ஓடினால் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும். வத்தல் அரைக்கிற நாளில் இருவரும் தும்மிக்கொண்டே தலை வாருவார்கள். வெளுத்த துணியைக் கொடியில் போட்டால், எடுக்கும்போது அதில் ராகி வாசம் இருக்கும். ஆனால் கதவுக்குச் சாவி இளவேனிலின் கையில் இருந்தது. விடியற்காலையில் இறங்கி முகாமுக்குப் போனாள், யாரிடமும் கெஞ்சாமல். ஞாயிற்றுக்கிழமை தனக்குப் பிடித்த குழம்பைத் தானே வைத்துத் தின்றாள். மில் அம்மா இன்னும் அரைமணி முன்னால் ஓட்டினாலும் பரவாயில்லை என்று அம்மாவிடம் போனில் சொன்னாள்.

பழனாத்தாள் இனிக்க இனிக்கப் பேசுகிறவர் இல்லை. தண்ணீரைத் திறந்துவிட்டு மறந்தால் தெருவே கேட்கத் திட்டுவார். ஈரத்துணியை முன்பக்கம் காயப்போட்டால் திட்டுவார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாயங்காலம் மேலே பலகாரம் கொடுத்துவிடுவார். கச்சாயம், ஒப்புட்டு, கம்மஞ்சோறு என்று ஏதாவது. எல்லாமே காகிதத் தட்டில் வரும். ஒரு தடவைகூடப் பாத்திரத்தில் வராது.

இளவேனிலுக்கு அது முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது. ஊரில் பார்த்ததுதானே? தனி டம்ளர், தனித் தட்டு. இங்கே அது காகிதமாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள். வாங்கித் தின்றாள், ஆனால் முழுசாக இறங்கவில்லை. கடைசியில் யுஸ்ராதான் ஒரு நாள் தட்டை வாங்கும்போதே கேட்டுவிட்டாள். "ஏனுங்க, எங்களுக்குன்னா காயிதத் தட்டுதானுங்களா?"

பழனாத்தாளுக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது. "முந்தி இருந்தானுகளே அந்தத் தடிப் பசங்க, என்னோட எவர்சில்வர் சம்படம் அத்தனையும் கொண்டுபோயிட்டானுக! இன்னும் எத்தனையைத் தொலைக்கறது நான்? கழுவித் திருப்பிக் குடுக்கறதுன்னாச் சொல்லுங்க, தர்றேன்." மறுநாள் சம்படம் வந்தது. மூடியில் ‘ப’ என்று ஆணியால் கீறியிருந்தது. அன்றைக்கு இளவேனில் எத்தனை ஒப்புட்டு தின்றாள் என்று யுஸ்ரா இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

நோன்பு மாதம் வந்தபோது, கஞ்சிக்கு அரிசி எந்தப் பக்குவத்தில் உடைபட வேண்டும் என்று யுஸ்ரா மில்லில் நின்று சொல்லிக் கொடுத்தாள். பழனாத்தாள் இரண்டு தடவை உடைத்துப் பார்த்து, மூன்றாவது தடவை சரியாக்கினார். அதன் பிறகு அந்தத் தெருவுக்கு அடுத்த தெருவிலிருந்தும் கஞ்சி அரிசி உடைக்க ஆட்கள் வந்தார்கள். "உன்னால எனக்கு யாவாரம்" என்றார் யுஸ்ராவிடம். அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அதுதான்.

சோதனை ஒரு கல்யாணப் பத்திரிகையின் வடிவில் வந்தது. பழனாத்தாளின் தம்பி பாலுசாமி, தன் மகள் அக்ஷயாவின் கல்யாணத்துக்கு அக்காவை அழைக்கச் சிவகிரியிலிருந்து வந்தார். இளவேனிலுக்கு அன்று விடுமுறை. மாடிப்படி வளைவில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். கீழே பேசுவது கேட்டது.

"மேல யாரு குடியிருக்கறாங்க?"

"ஆஸ்பத்திரியில வேலை பாக்கற புள்ளைக. ஒண்ணு உடுமலை, ஒண்ணு நம்ம கொடுமுடிப் பக்கம்."

"கொடுமுடியில யாரு ஊட்டுப் புள்ள?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பழனாத்தாள் அப்படிச் சொல்லவில்லை. "மஞ்ச லோடு ஓட்டறாரே கருப்புசாமி, அவரு புள்ள."

பாலுசாமி தோட்டத்தில் மஞ்சள் போடுகிறவர். அவருக்குக் கருப்புசாமியைத் தெரிந்திருந்தது. குரலைத் தாழ்த்தி, "அக்கா, கல்யாணத்துக்கு முன்னப் பின்ன நாலு சொந்தம் ஒறம்பரை இங்க வந்து போவாங்க. இந்த ஊட்டுல ஒரு வாய் தண்ணி குடிப்பாங்களா?" என்றார்.

"குடிக்காதவங்க கடையில வாங்கிக் குடிக்கட்டும்."

"நாலு பேரு பேசறதை நான் சொல்றேன்."

"அன்னைக்கும் இதையேதான் சொன்னே. உன் மச்சான் தவறிப்போனப்ப, மில்லை வித்துப்போட்டு ஊருக்கு வந்துரு, பொம்பள மில்லு ஓட்டுனா நாலு பேரு பேசுவாங்கன்னு சொன்னே. பேசுனாங்க. பேசிட்டே அவங்க போயிட்டாங்க. நான் ஓட்டிட்டுத்தான் இருக்கறேன். இந்த ஊட்டுல யாரு இருக்கோணும்னு நான் சொல்லோணும், பாலு. காப்பி ஆறுது, குடி."

அவர் குடிக்கவில்லை. பத்திரிகையையும் வெற்றிலை பாக்கையும் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இளவேனில் பிழிந்த துணியைக் கையில் பிடித்தபடியே கீழே இறங்கினாள். தன்னால் அக்காவும் தம்பியும் பிரிய வேண்டாம் என்று நினைத்தாள். "நாங்க வேணும்னாக் காலி பண்ணிக்கறமுங்க" என்றாள்.

பழனாத்தாள் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரலில் அது இல்லை. "காலி பண்றதுன்னா ரெண்டு மாசத்துக்கு முந்திச் சொல்லோணும்னு வந்தன்னைக்கே பேசிக்கலையா? இன்னைக்குச் சொல்லி இன்னைக்குப் போறதுக்கு இதென்ன சத்திரமா? போய்த் துணியைக் காயப்போடு. தண்ணி சொட்டுது பாரு, மாவு மேல."

கல்யாணத்துக்கு அவர் போனார். அத்தை செய்ய வேண்டிய சீரை ஒன்று குறையாமல் செய்தார். சொந்தத்தில் சிலர் அவரோடு பேசவில்லை. அவராக அதைச் சொல்லவில்லை. திரும்பி வந்து, பட்டுச்சேலையை மாற்றிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, "காலு வலிக்குது" என்று மட்டும் சொன்னார். யுஸ்ரா காலை அமுக்கிவிட்டாள். கல்யாண வீட்டு லட்டை மூன்று பேரும் பிட்டுத் தின்றார்கள். பாலுசாமி இப்போதும் அக்காவைப் பார்க்க வந்து போகிறார். காபியும் குடிக்கிறார். மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவ்வளவுதான் அதில் மாறியிருக்கிறது.

இளவேனிலுக்கு வேலை நிரந்தரமானது. முதல் முழுச் சம்பளத்தில் பழனாத்தாளுக்கு ஒரு நூல் சேலை எடுத்துப் போனாள். நன்றி என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது. சேலையை நீட்டிக்கொண்டு சும்மா நின்றாள்.

"எதுக்கு இது? வாடகையை ஏத்தாம இருக்கறதுக்கா?" என்றார் பழனாத்தாள். விரித்துப் பார்த்து, "மாவு பட்டாத் தெரியாத கலராப் பாத்து எடுத்திருக்கறே. புத்தி இருக்குது" என்று மடித்து உள்ளே கொண்டுபோனார்.

அந்த வருஷம் கொடுமுடியில் நடந்த முகாமில் இளவேனில் தன் அம்மாவின் கண்ணையே பரிசோதித்தாள். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் முற்றியிருந்தது. "புகை புகையாத்தான் தெரியுது, அதுக்கென்ன" என்று எத்தனை மாதமாகச் சமாளித்துக்கொண்டிருந்தாளோ. கோவையில் ஆபரேஷன் என்று முடிவானது. பிறகு சில நாள் மகளோடு தங்கியிருக்க வேண்டும். மாசாணியம்மாளுக்கு ஆபரேஷனைவிட அதுதான் பயம்.

"தோட்டத்துக்காரங்க ஊடுன்னு சொல்றியே கண்ணு. நான் அங்க வந்து எப்படி..."

"நான் இருக்கறனல்லம்மா. வா."

கருப்புசாமி இருவரையும் ஈரோட்டில் ரயில் ஏற்றிவிட்டார். போத்தனூரில் இறங்கி நடந்தே வந்தார்கள். மில் ஓடிக்கொண்டிருந்தது. மாசாணியம்மாள் வாசலுக்கு வெளியே, தெருவிலேயே நின்றுவிட்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெயிலில் நின்றாள்.

பழனாத்தாள் மோட்டாரை நிறுத்தினார்.

"வாங்க, வாங்க. உள்ள வாங்க. ஏன் வெய்யில்ல நிக்கறீங்க?"

மாசாணியம்மாள் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாள். பின்னால் யாரும் இல்லை.

"இருக்கட்டுமுங்க ஆத்தா. நான் இப்படியே..."

"செருப்பைப் போட்டுக்கங்க மொதல்ல. இங்கெல்லாம் மொளகாத் தூளு. காலு எரியுமுங்க."

செருப்பைப் போட்டுக்கொண்டு மில்லுக்குள் நடந்து, மாசாணியம்மாள் படியேறி மேலே வந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இளவேனில் பையைப் பிரித்தாள். அதற்குள் ஒரு ஈயத்தட்டும் டம்ளரும் இருந்தன. அம்மா தனக்கென்று வீட்டிலிருந்தே எடுத்து வந்திருந்தாள். இளவேனில் அவற்றைத் தன் பாத்திரங்களோடு சேர்த்து அடுக்கினாள்.

"என்னைய வாங்கன்னாங்க," என்றாள் மாசாணியம்மாள்.

எங்கள் கொங்குப் பக்கத்துப் பேச்சில் மரியாதை அதிகம் என்று ஊருலகமெல்லாம் சொல்லும். வாங்க, போங்க, சொல்லுங்க என்று எதற்கெடுத்தாலும் ஒரு ‘ங்க’. மாசாணியம்மாளும் பிறந்ததிலிருந்து அந்த ‘ங்க’வைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். தோட்டத்துப் பெரியவர்களுக்குச் சொன்னாள். அவர்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற குழந்தைகளுக்கும் சொன்னாள். திரும்பி வந்ததெல்லாம் வா, போ, செய். அது அவளுக்குக் குறையாகப் பட்டதுகூட இல்லை. மழை மேலிருந்து கீழே பெய்வது மாதிரி அதுவும் ஒரு பக்கமாகத்தான் போகும் என்று இருந்தாள். இன்றைக்குத்தான் முதல் தடவையாக எதிர்ப்பக்கமிருந்து வந்திருந்தது.

"காலு எரியுமுங்கன்னாங்க கண்ணு," என்று இன்னொரு தடவை சொன்னாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று, மாசாணியம்மாள் மகளின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இளைச்சுப்போயிட்டே" என்றாள். கண்ணில் தூசி படவே கூடாது என்பது கட்டளை. மாவு மில்லுக்கு மேலே அதைக் காப்பாற்றுவது லேசா? பழனாத்தாள் அந்தப் பக்கத்து ஜன்னலைத் தன் கையாலேயே சாக்கு வைத்து அடைத்தார். மிளகாய் அரைக்க வந்தவர்களை ஒரு வாரம் அடுத்த தெரு மில்லுக்கு அனுப்பினார். "இறங்கி இந்தப் பக்கம் வந்தீங்கன்னா நானே மேல தூக்கிட்டுப் போய் விட்டுருவேன்" என்று மாசாணியம்மாளை மிரட்டினார்.

அதனால் மாசாணியம்மாள் கறுப்புக் கண்ணாடியோடு மாடிப்படியின் மேல் நுனியில் உட்கார்ந்துகொள்வாள். மில் ஓயும் நேரங்களில் பழனாத்தாள் கீழ்ப்படியில் வந்து உட்காருவார். மேலும் கீழுமாகப் பேசிக்கொள்வார்கள். ஒரு நாள் சிவகிரிப் பேச்சு வந்தது. கடலைக்காய் பிடுங்கும் காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் ஆள் கூட்டிப் போவார்கள் என்று மாசாணியம்மாள் சொன்னாள்.

"அப்ப எங்கய்யன் தோட்டத்துக்கும் வந்திருப்பீங்களாட்ட இருக்குதுங்களே?"

"வந்திருக்கலாமுங்க. எத்தனையோ தோட்டம். எதுன்னு கண்டது?"

தோட்டத்து வேலைக்கு வந்தவர்களுக்குத் தன் வீட்டில் எப்படித் தண்ணீர் ஊற்றினார்கள் என்பது பழனாத்தாளுக்குத் தெரியாமல் இருக்காது. எழுந்து போய் இரண்டு டம்ளரில் காபி கலந்து எடுத்துக்கொண்டு, மூட்டு வலிக்க வலிக்கப் படியேறி மேலே வந்து, மாசாணியம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு டம்ளரை அவள் கையில் கொடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய இளவேனில் இருவரையும் அப்படித்தான் பார்த்தாள். இரண்டும் மில் வீட்டு டம்ளர்கள். மேலே ஏற வழியில்லாததால் அவர்கள் எழுந்திருக்கும்வரை கீழேயே நின்றாள்.

யுஸ்ரா இப்போது கல்யாணமாகிப் பாலக்காட்டில் இருக்கிறாள். அவளுடைய கட்டிலில் அவள் தங்கை இஃப்ரா இருக்கிறாள், கோவையில் கல்லூரிப் படிப்புக்கு வந்தவள். போத்தனூரிலும் வாடகை ஏறிக்கொண்டே போகிறது. எதிர்வரிசையில் புதிய அடுக்குமாடி எழும்பிவிட்டது. பழனாத்தாளும் வருஷத்துக்கு ஒரு தடவை, கரண்ட் பில்லைத் திட்டிக்கொண்டே, கொஞ்சம் ஏற்றுவார். இளவேனில் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்துவிடுவாள். அந்த நகரத்தில் தனக்கு ஒரு கதவும் சாவியும் கிடைத்ததை அவள் ஒருநாளும் சாதாரணமாக நினைத்ததில்லை.

அம்மா தினமும் காலையில் போன் செய்கிறாள். சாப்பிட்டியா என்று கேட்பாள். பதில் வருவதற்குள், "சரி, போனை அவங்ககிட்டக் குடு கண்ணு" என்பாள். இளவேனில் கீழே இறங்கி மில்லுக்குள் போய் நீட்டுவாள். பழனாத்தாள் மாவுக் கையோடு வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க, மழை பேஞ்சுதுங்களா?" என்று ஆரம்பிப்பார். மழை, மஞ்சள், முழங்கால் வலி என்று அது போய்க்கொண்டே இருக்கும். உக்கடம் பஸ் தெருமுனையில் வந்து நிற்கும். தன் போனுக்காகக் கையை நீட்டிக்கொண்டு இளவேனில் நிற்பாள்.

"இரு அம்மணி," என்று சைகை காட்டுவார் பழனாத்தாள். "அடுத்த பஸ்ஸுல போ."